முன்னறிவிக்கும் விளக்கு

நுழையும்முன்

கடலிலும் குகையிலும் சுரங்கத்திலும் உழைப்போர், தம் இரு கைகளையும் வேலைக்கு விட்டுவிட்டு விளக்கை நெற்றியில் ஏற்றிக்கொள்கின்றனர். அவ்விளக்கின் உயிர், அதனுடன் இணைந்த சிறியதொரு மின்கலத் தொகுப்பில் அடங்கியிருக்கிறது. காரைக்கால் பகுதியிலுள்ள திருவேட்டக்குடியில் பிறந்து மின்வேதியியல் பயின்ற ஒருவர், அத்தொகுப்பைச் செம்மைப்படுத்திய அனுபவத்தை இக்கட்டுரையில் எடுத்துரைக்கிறார். கருவி ஒன்று மனிதருக்கு எவ்வாறு உண்மையாக இருக்க வேண்டும் என்னும் வினாவும் இதனூடே எழுகிறது.

இருளின் இரு வகை

இருள் என்னும் ஒரே சொல்லால் நாம் குறிப்பவை எல்லாம் ஒரே தன்மையன அல்ல. கடலின் இரவு ஓர் இருள். அங்கே நிலவு இல்லாத நாளிலும் விண்மீன்கள் உண்டு. அலையின் நுரையில் ஒரு வெண்மை உண்டு. கரையில் கலங்கரை விளக்கின் ஒளி சுழன்று வரும். அரைமணி நேரம் பொறுத்திருந்தால் கண் அந்த இருளுக்குப் பழகிப் படகின் விளிம்பையும் வலையின் குவியலையும் பிரித்தறியத் தொடங்கிவிடும். குகையின் உட்புறம் வேறோர் இருள். அங்கே கண்ணுக்குப் பழகுவதற்கு எதுவும் இல்லை. ஒளியின் ஒரு துளியும் நுழையாத இடத்தில் எத்தனை நாள் காத்திருந்தாலும் தன் கையைத் தானே காண இயலாது.

இவ்விரு இருள்களில் முதலாவதை நான் பிறந்த ஊர் எனக்குக் கற்பித்தது. காரைக்காலுக்கு வடக்கிலும் தரங்கம்பாடிக்குத் தெற்கிலுமாக, வயலும் கடலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அமைந்தது திருவேட்டக்குடி. திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற தலம் அது. இறைவன் வேட்டுவ வடிவம் கொண்ட கதையோடு ஊரின் பெயரை இணைத்துச் சொல்வர். மாசி மகத்தன்று அவ்விறைவன் கடலாட எழுந்தருளும்போது, கரையோரக் குப்பங்களின் மீனவர் அதனைத் தம் வீட்டு விழாவாகவே கொண்டாடுவர். 2010 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசியத் தொழில்நுட்பக் கழகமும் இன்று இவ்வூரில்தான் இயங்குகிறது. பழைய கோயிலும் புதிய கல்விக்கூடமும் மீன்பிடி படகுகளும் ஒரு நடைத்தொலைவுக்குள் இருக்கும் ஊர்கள் அதிகம் இல்லை.

இக்கடற்கரைக்கு விளக்கு புதிதன்று. எங்கள் ஊருக்கு வடக்கே, இதே கரையில் விளங்கிய காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, பரதவரின் திமில்களையும் இரவில் எண்ணப்படும் சுடர்களையும் ஒரே காட்சியில் வைத்துக் காட்டுகிறது. அன்று படகில் எரிந்த சுடர், பிற்காலத்தில் அரிக்கேன் விளக்காயிற்று, பின்னர்க் கைவிளக்காயிற்று, இன்று மீனவரின் நெற்றிக்கே வந்து சேர்ந்துவிட்டது. வலை விடுவதற்கும் இழுப்பதற்கும் இரண்டு கைகளும் வேண்டும். கை காலியாக இருக்க வேண்டுமானால் விளக்கு தலையில்தான் இருக்க வேண்டும்.

நெற்றிக்கு ஏறிய ஒளி

தலையில் விளக்கு அணியும் வழக்கத்தை வளர்த்தெடுத்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்களே. நிலக்கரிச் சுரங்கங்களில் கசியும் வளி, திறந்த சுடரைத் தொட்டால் வெடிக்கும். இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் 1812 ஆம் ஆண்டு நேர்ந்த வெடிப்பில் 92 பேர் மாண்டனர். அதன்பின் 1815 இல் ஹம்ஃப்ரி டேவி, சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பிவலை அமைந்த காப்பு விளக்கை உருவாக்கினார். கம்பிவலை வெப்பத்தைப் பரவச் செய்து, வெளியிலுள்ள வளி தீப்பற்றாமல் தடுத்தது. ஆயினும் அது கையில் ஏந்தும் விளக்கே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்பைடு விளக்கு தொப்பியில் ஏறியது. மாங்காயைப் பழுக்க வைக்கச் சிலர் முறைகேடாகப் பயன்படுத்தும் கார்பைடு கல்லை நாம் அறிவோம். அதன்மீது நீர் சொட்டினால் அசிட்டிலீன் என்னும் வளி வெளிப்படும். அதனைக் கொளுத்தினால் வெண்மையான சுடர் கிடைக்கும். குகை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் இவ்விளக்கையே நம்பினர். சுடரின் கரி குகைச் சுவர்களைக் கறுப்பாக்கியது. எரிந்து எஞ்சிய சுண்ணாம்புக் கழிவு குகைக்குள் கொட்டப்பட்டது. பல்லாயிரம் ஆண்டுகளாக உருவான இடத்தை நம் விளக்கே கெடுக்கலாகாது என்னும் எண்ணம் வலுப்பெற்றபோது, அவர்களும் மின்விளக்குக்கு மாறினர்.

சுரங்கத்தில் அந்த மாற்றம் முன்னரே நிகழ்ந்திருந்தது. தாமஸ் ஆல்வா எடிசன் 1910-களில், இடுப்பில் மின்கலமும் தொப்பியில் விளக்குமாகச் சுரங்கத் தொழிலாளர்க்கென ஓர் அமைப்பை உருவாக்கினார். பின்னர்ப் பரவலாகிய ஈய அமில மின்கலங்கள் இடுப்புவாரில் 2 கிலோ அளவுக்குக் கனத்தன. தமிழ்நாட்டிலிருந்து சென்ற பல்லாயிரம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த இடம் கோலார் தங்கவயல். நிலமட்டத்துக்குக் கீழே 3 கிலோமீட்டர் ஆழத்தையும் கடந்து இறங்கிய அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. ஆழ்சுரங்கங்களில் விளக்கறை என்றோர் இடம் உண்டு. பணிக்குச் செல்பவர் தம் வில்லையைக் கொடுத்து விளக்கைப் பெற்றுச் செல்வார். திரும்பியதும் விளக்கைக் கொடுத்து வில்லையைப் பெறுவார். முறைப்பணி முடிந்தபின் ஒரு விளக்கு திரும்பவில்லை என்றால், ஒரு மனிதர் இன்னும் கீழே இருக்கிறார் என்று பொருள். விளக்கும் மனிதரும் ஒன்றாகவே எண்ணப்பட்டனர்.

மேகாலயத்திலிருந்து வந்த வேண்டுகோள்

இரண்டாம் வகை இருளை எனக்கு அறிமுகம் செய்தவர் என்னுடன் கல்லூரியில் பயின்ற தோழி. நிலவியல் படித்த அவர், மேகாலய மாநிலக் குகைகளை அளந்து வரைபடமாக்கும் குழுவொன்றுடன் ஆண்டுதோறும் சென்று வருபவர். அங்கே காசி மொழியில் குகையைக் ‘க்ரெம்’ என்பர். ஜைந்தியா மலையிலுள்ள க்ரெம் லியாட் பிரா 30 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. மௌசின்ராம் பகுதியில் மணற்கல்லில் அமைந்த க்ரெம் பூரி 24 கிலோமீட்டருக்கும் மிகுதியான நீளமுடையது. சோரா என்னும் சிரபுஞ்சிக்கு அருகிலுள்ள மௌம்லு குகையின் கசிதுளிப் படிவு ஒன்றில், ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை தளர்ந்ததற்கான சான்று கிடைத்தது. அதன் அடிப்படையில் புவி வரலாற்றின் அண்மைக் காலப்பகுதிக்கு ‘மேகாலயன்’ என்னும் பெயர் 2018 இல் ஏற்கப்பட்டது. மழையின் பழைய கணக்கேடு இருட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அதனைப் படிக்கச் செல்பவர்க்கு விளக்கு வேண்டும்.

“காலையில் உள்ளே போனால் இரவுதான் வெளியே வருவோம். இடையில் கழுத்தளவு நீர் இருக்கும். வயிற்றால் ஊர்ந்து செல்லும் இடுக்கும் இருக்கும். எங்கள் விளக்குகளின் மின்கலத் தொகுப்பை நீ பார்த்துத் தர முடியுமா?” என்று அவர் ஒருமுறை கேட்டார்.

குகை ஆய்வாளர்களிடையே உலகெங்கும் ஒரு விதி உண்டு. ஒவ்வொருவரும் ஒன்றையொன்று சாராத மூன்று விளக்குகளைக் கொண்டுசெல்ல வேண்டும். ஒன்று பழுதானால் இரண்டாவது. இரண்டாவதைச் சரிசெய்ய ஒளி தருவதற்கு மூன்றாவது. இந்த விதியைக் கேட்டபோது, விளக்கைப் பற்றிய அவர்களுடைய அறிவு முழுவதும் ஓர் ஐயத்தின்மேல் கட்டப்பட்டிருப்பதை உணர்ந்தேன். எந்த விளக்கும் அணையக்கூடும் என்பதே அந்த ஐயம்.

மாமாவின் வினா

தோழியின் வேண்டுகோள் வந்த அதே பருவத்தில், எங்கள் ஊர்க் கடற்கரையில் ஒரு விபத்து நேர்ந்தது. என் தாய்மாமன் கண்ணாடியிழைப் படகில் மூவராகத் தொழிலுக்குச் செல்பவர். கடைத்தெருவில் வாங்கிய புதிய நெற்றிவிளக்கு ஒன்றை அணிந்து, நள்ளிரவுக்குப்பின் வலை விட்டுக்கொண்டிருந்தார். படகு முன்னே செல்ல, வலையும் கயிறும் விரைவாகக் கடலில் இறங்கிக்கொண்டிருந்தன. அந்த நொடியில் விளக்கு அணைந்தது. நல்ல ஒளியில் இருந்த கண்ணுக்குச் சட்டென்று எதுவும் புலப்படவில்லை. இறங்கும் கயிறு அவருடைய கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. உடனிருந்தவர் இயந்திரத்தை நிறுத்திக் கயிற்றை அறுத்திராவிட்டால் கயிறு அவரைக் கடலுக்குள் இழுத்துச் சென்றிருக்கும். கணுக்காலில் ஆழமான காயத்துடன் கரை சேர்ந்தார்.

காயம் ஆறிக்கொண்டிருந்த நாளில் அந்த விளக்கை என்னிடம் நீட்டினார்.

“வெளிச்சத்துல ஒரு குறையும் இல்ல தம்பி. அந்தக் காலத்து டார்ச்சு பொழுது சாயற மாதிரி மெல்ல மெல்ல மங்கும். சரி, இன்னும் கொஞ்ச நேரந்தான்னு நாம தெரிஞ்சுக்குவோம். இது கதவச் சாத்துற மாதிரி அணையுது. அணையப் போறத முன்னாலயே சொல்ல இதுக்குத் தெரியாதா?” என்றார்.

விளக்கைப் பற்றி நான் படித்த நூல்களில் ஒளிர்வு, திறன், ஆயுள் ஆகியன பற்றிய வினாக்கள் பல இருந்தன. மாமாவின் வினா அவற்றில் இல்லை. ஆனால் மின்வேதியியல் அதற்கு விடை வைத்திருந்தது.

மங்குவதும் அணைவதும்

பழைய கைவிளக்கில் இருந்தவை துத்தநாக உலர் மின்கலங்கள். புதிதாக இருக்கும்போது 1.5 வோல்ட் தரும் அக்கலம், பயன்படப் பயன்படச் சிறிது சிறிதாக மின்னழுத்தத்தை இழக்கும். அதற்கேற்ப இழைவிளக்கின் ஒளி வெண்மையிலிருந்து மஞ்சளாகவும் மஞ்சளிலிருந்து செம்மையாகவும் தளரும். அது அக்கலத்தின் குறைபாடே. எனினும் அக்குறைபாடே பயன்படுத்துபவர்க்கு எச்சரிக்கையாகவும் அமைந்தது.

இன்றைய நெற்றிவிளக்கில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். ஸ்டான்லி விட்டிங்ஹாம், ஜான் குடினஃப், அகிரா யோஷினோ ஆகியோரின் ஆய்வுகளால் உருவாகி 1991 இல் விற்பனைக்கு வந்த இக்கலம், அம்மூவர்க்கும் 2019 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. முழு மின்னேற்றத்தில் 4.2 வோல்ட் இருக்கும். பிறகு 3.6 வோல்ட்டை ஒட்டி நெடுநேரம் நிலைத்து நிற்கும். இறுதியில் விரைந்து சரியும். இதனோடு இணையும் மின்னணுச் சுற்று, மின்னழுத்தம் குறைந்தாலும் ஒளி குறையாமல் பார்த்துக்கொள்ளும். மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியதும், காப்புச் சுற்று என்னும் மற்றொன்று இணைப்பைத் துண்டித்துவிடும்.

அவ்வாறு துண்டிப்பதில் தவறில்லை. லித்தியம் அயனி மின்கலத்தை எல்லை கடந்து வெறுமையாக்கினால், அதனுள் இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மீண்டும் மின்னேற்றும்போது அச்செம்பு உள்ளேயே குறுக்கிணைப்பை உண்டாக்கித் தீ விபத்துக்கு வழிவகுக்கலாம். ஆகவே காப்புச் சுற்று தன் கடமையையே செய்கிறது. மின்கலத்தைக் காக்கத் தெரிந்த அச்சுற்றுக்கு, விளக்கை அணிந்திருப்பவர் அந்த நொடியில் எங்கே நிற்கிறார் என்பது தெரியாது. அறிவியலின் வளர்ச்சி ஒளியை நிலைப்படுத்தியது. அதே வேளையில் பழைய எச்சரிக்கையைப் பறித்துவிட்டது. தோழிக்கும் மாமாவுக்கும் வேண்டியது ஒன்றே என்பது எனக்குத் தெளிவாயிற்று.

தொகுப்பின் உள்ளே

மின்கலத் தொகுப்பைச் செம்மைப்படுத்தும் பணி, நல்ல கலத்தைத் தேர்வதில் தொடங்குகிறது. நெற்றிவிளக்குகளில் மிகுதியாகப் பயன்படும் உருளைக் கலத்தின் விட்டம் 18 மில்லிமீட்டர். நீளம் 65 மில்லிமீட்டர். அதனால் அதனை 18650 என்று அழைக்கின்றனர். நல்ல கலம் ஒன்று 3,000 முதல் 3,500 மில்லி ஆம்பியர் மணி வரை கொள்ளும். ஆனால் கடைகளில் 9,900 என்று அச்சிட்ட கலங்களும் கிடைக்கின்றன. அந்த அளவைக் கொள்ளும் கலம் இவ்வுருவில் இல்லை. உண்மையான கலம் 45 கிராம் அளவுக்கு எடையிருக்கும். போலிக் கலம் பெரும்பாலும் அதனினும் இலேசாக இருக்கும். எண்ணைப் படிப்பதற்கு முன் தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது. மாமா அணிந்திருந்த விளக்கின் கலம் 30 கிராமுக்கும் குறைவாகவே நின்றது.

அடுத்தது கலங்களை இணைக்கும் முறை. தொடராக இணைத்தால் மின்னழுத்தம் கூடும். ஆனால் ஒன்று மெலிந்திருந்தால், அது முதலில் வெறுமையாகித் தொகுப்பு முழுவதையும் நிறுத்திவிடும். நான்கு பேர் சுமக்கும் பல்லக்கில் ஒருவர் தளர்ந்தால் மற்ற மூவரின் வலிமையும் பயன்படாமற் போவதைப் போன்றது அது. பக்கமாக இணைத்தால் மின்னழுத்தம் மாறாது, கொள்ளளவு கூடும், மெலிந்த கலத்தின் சுமையை வலிய கலம் பகிர்ந்துகொள்ளும். ஒன்றில் பழுது நேர்ந்தால் மற்றதன் மின்னோட்டம் அதனுள் பாய்ந்துவிடாமல், கலந்தோறும் தனி உருகிழை அமைக்க வேண்டும். நான் இரண்டு கலங்களைப் பக்கமாக இணைத்தேன். சூட்டுக்கோலின் வெப்பம் கலத்தைக் கெடுக்குமாதலால், நிக்கல் பட்டைகளைப் புள்ளிப் பற்றவைப்பினால் பொருத்தினேன்.

மூன்றாவது, உப்பும் நீரும். எங்கள் ஊரில் சாளரக் கம்பியையும் சைக்கிள் சங்கிலியையும் விட்டுவைக்காத உப்புக்காற்று, செம்பு முனைகளை விட்டுவைக்குமா? உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். இரு முனைகளுக்கு இடையே ஒரு துளி நின்றால் போதும். நேர்முனை மெல்லக் கரைந்து பச்சை படர்ந்துவிடும். காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் ஈந்த நிலத்தில் 1948 இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953 இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபம் போன்ற கடலோர ஊர்களிலும் நிலையங்களை அமைத்து உலோக அரிப்பை ஆராய்ந்து வருவதன் காரணம், கரையோரம் வாழ்பவர்க்கு விளக்காமலே புரியும். தொகுப்பின் மின்னணுப் பகுதியைப் பிசினில் முழுமையாக மூடினேன். மூடியின் விளிம்பில் இரப்பர் வளையம் பொருத்தி அதில் சிலிக்கோன் களிம்பு தடவினேன். நீர் புகும் வழிகளில் முதன்மையானது மின்னேற்றும் துளை. ஆகவே அதனை அறவே நீக்கி, தொகுப்பைக் கழற்றி வெளியே மின்னேற்றும்படி அமைத்தேன். முழுதும் மூடிய பெட்டியில் கலம் ஒன்று பழுதாகி வளியை வெளிவிட்டால் பெட்டியே வெடிக்கக்கூடும். அதனால் உள்ளழுத்தம் மிகுந்தால் மட்டும் திறந்துகொள்ளும் சிறு வாயில் ஒன்றையும் வைத்தேன். கடலின் உப்புக்காகச் செய்த இவ்வேற்பாடு குகையின் களிமண்ணுக்கும் பொருந்தியது.

தொகுப்பைத் தலைக்குப் பின்புறம் அமைத்தேன். முன்னே விளக்கும் பின்னே கலங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் கழுத்து வலிக்காது.

இரண்டு சிமிட்டல்கள்

இவை யாவும் விளக்கின் ஆயுளை நீட்டிக்கும். மாமாவின் வினாவுக்கோ இன்னும் விடை வரவில்லை.

எஞ்சியிருக்கும் மின்னாற்றலை அறிவதற்கு மின்னழுத்தத்தை மட்டும் நம்ப இயலாது. குளிரிலும் மிகுந்த சுமையிலும் அது தாழ்வாகக் காட்டும். இடைப்பகுதியில் நெடுநேரம் மாறாமலே நிற்கும். எனவே தொகுப்பிலிருந்து வெளியேறும் மின்னோட்டத்தை நொடிதோறும் அளந்து கூட்டிக்கொண்டே வரும் சிறு சில்லு ஒன்றை இணைத்தேன். கடைக்காரர் நாளெல்லாம் வரவு செலவு எழுதிவைத்து, மாலையில் பெட்டியைத் திறக்காமலே இருப்பைச் சொல்வதைப் போன்றது இம்முறை. கலம் முதுமையடைந்து கொள்ளளவு குறையும்போது, ஒவ்வொரு முழு மின்னேற்றத்திலும் கணக்கு திருத்தப்படும்.

இனி அந்த இருப்பை அணிந்திருப்பவர்க்கு எவ்வாறு தெரிவிப்பது? சில விளக்குகளில் பச்சை, சிவப்புப் புள்ளிகள் உண்டு. தலைக்குப் பின்னால் ஒளிரும் புள்ளியை அணிந்தவர் காண இயலாது. வலையில் கை வைத்திருப்பவர் விளக்கைக் கழற்றிப் பார்க்கவும் மாட்டார். ஆகவே செய்தியை ஒளியின் வழியாகவே சொல்ல முடிவு செய்தேன். இருப்பு மூன்றில் ஒரு பங்காகும்போது விளக்கு இரண்டு முறை மெல்லச் சிமிட்டும். பத்தில் ஒரு பங்காகும்போது மீண்டும் இரண்டு முறை சிமிட்டி, ஒளியைப் படிப்படியாகப் பத்தில் ஒரு பங்குக்குத் தாழ்த்திக்கொள்ளும். எந்த நிலையிலும் சட்டென்று அணையாது.

இதிலுள்ள கணக்கு எளிமையானது. 3,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட இரு கலங்களில் ஏறத்தாழ 21.6 வாட் மணி ஆற்றல் உண்டு. விளக்கும் அதன் சுற்றும் 1.1 வாட் எடுத்துக்கொண்டால், முழு ஒளியில் 19 மணி நேரத்துக்குச் சற்று மிகுதியாக எரியும். அதில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்து, ஒளியையும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால், ஒதுக்கிய அந்தச் சிறு பங்கும் கிட்டத்தட்ட 19 மணி நேரம் எரியும். முதலில் இரண்டு மணி நேர ஒளியை விட்டுக்கொடுத்தால், பின்னர் ஒரு முழு நாளை ஒத்த மங்கலொளி கிடைக்கிறது. நம் கண் ஒளியை அளக்கும் முறையும் இதற்குத் துணை நிற்கிறது. பத்தில் ஒரு பங்கு ஒளி, இருளுக்குப் பழகிய கண்ணுக்குப் பத்தில் ஒரு பங்காகத் தோன்றுவதில்லை; படகில் கயிற்றைக் காணவும் குகையில் காலடியைக் காணவும் அது போதுமானது.

தெரியுமா?

லித்தியம் அயனி மின்கலங்களில் பல வகைகள் உண்டு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் வகை 3.2 வோல்ட் மின்னழுத்தம் தரும். அது வெப்பத்தைத் தாங்கும் வலிமை மிக்கது, நெடுநாள் உழைப்பது. ஆயினும் ஒரே எடையில் அது தேக்கும் ஆற்றல் குறைவு. எடை பொருட்டாகாத இடங்களில் அதனையும், தலையில் சுமக்கும் விளக்குகளில் இலேசான வகையையும் தேர்வது வழக்கம்.

நிகழாமற்போனவை

முதல் தொகுப்பை உப்புநீர் நிறைந்த வாளியில் ஓர் இரவு முழுவதும் ஆழ்த்தி எரியவிட்டேன். இரண்டாவதை இருட்டறையில் வைத்து, மணிதோறும் அளவெடுத்தேன். முழு ஒளி 17 மணி நேரத்தைக் கடந்தது. அதன்பின் ஒளி தாழ்ந்து, மறுநாளும் எரிந்தது. அதன்பிறகே ஒன்றை மாமாவிடம் கொடுத்தேன். நான்கைத் தோழிக்கு அனுப்பினேன்.

மாமா அதனை அணிந்து சென்ற சில வாரங்களுக்குப்பின் என்னிடம் சொன்ன செய்தி, விளக்கைப் பற்றியதாகவே இல்லை. “முன்னெல்லாம் ராத்திரி வல விடும்போது பாதி நெனப்பு வெளக்குமேலயே இருக்கும். இப்ப நெனப்பு முழுசும் கயித்துமேல இருக்கு” என்றார். விளக்கு கூடுதலான ஒளியைத் தரவில்லை. அவர் மனத்தின் ஒரு பாதியை அவரிடம் திருப்பித் தந்திருந்தது.

தோழி எழுதிய மடலில் நான் எண்ணிப்பாராத ஒரு பயன் இருந்தது. சிமிட்டலை அணிந்திருப்பவர் மட்டுமன்றி உடன் வருவோரும் காண்கின்றனர். தம் விளக்கு தளர்கிறது என்று ஒத்துக்கொள்ளத் தயங்கி, மற்றவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க முயலும் இளையோர் ஒவ்வொரு குழுவிலும் உண்டு. இப்போது அவர்கள் சொல்லாமலே விளக்கு சொல்லிவிடுகிறது. யாருடைய விளக்கு முதலில் சிமிட்டினாலும் குழு முழுவதும் திரும்ப வேண்டும் என்று அவர்கள் விதி வகுத்துக்கொண்டனர். ஒருநாள் ஆழமான இறக்கம் ஒன்றின் விளிம்பில், குழுவில் மிக இளையவரின் விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. கயிறு கட்டி முடித்திருந்த நிலையிலும் அவர்கள் இறங்காமல் திரும்பிவிட்டனர். மடல் அவ்வளவே. இறங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை அவர் எழுதவில்லை, எழுதவும் இயலாது. காப்பதற்கென உருவாகும் கருவிகளின் வெற்றி, நிகழாமற்போன நிகழ்ச்சிகளிலேயே அடங்கியிருக்கிறது. அவற்றை எந்த ஏட்டிலும் கணக்கெழுத முடியாது.

கருவியின் வாய்மை

கருவிகளை அவற்றின் ஆற்றலைக்கொண்டு மதிப்பிடவே நாம் பழகியிருக்கிறோம். எவ்வளவு ஒளி, எவ்வளவு வேகம், எவ்வளவு கொள்ளளவு என்று கேட்கிறோம். விற்பவரும் அந்த எண்களையே பெரிதாக அச்சிடுகிறார். இன்னும் எவ்வளவு மீதம் என்று அக்கருவி நமக்கு உண்மையாகச் சொல்லுமா என்பதை நாம் கேட்பதில்லை. தன் ஆற்றலை மிகைப்படுத்திக் காட்டும் கருவி, கடலில் இருப்பவரையும் குகையில் இருப்பவரையும் தவறான இடத்தில் கைவிடும். தன் எல்லையைக் காலத்தே அறிவிக்கும் கருவியோ ஆற்றலில் சிறிதாயினும் துணையாக நிற்கும்.

மின்கலம் ஒருநாள் வெறுமையாகத்தான் செய்யும். அது அதன் இயல்பு. அந்த வெறுமையை எந்த வேதியியலாலும் நீக்க இயலாது. தள்ளிப்போட மட்டுமே இயலும். ஆனால் அது வருவதை முன்கூட்டி அறிவிப்பது நம்மால் இயன்ற செயல். மருந்துப் பெட்டிக்கும் ஊர்திக்கும் பாலத்திற்கும் இதே நெறி பொருந்தும். அறிவியல் பயிலும் மாணவர்கள் நாளை எத்தகைய கருவியை உருவாக்கினாலும், அதனைப் பயன்படுத்துபவர் எந்த இருளில், எந்தக் கயிற்றின் அருகில் நின்றுகொண்டிருப்பார் என்பதை முதலில் எண்ணிப் பார்க்கட்டும். ஆய்வுக்கூடத்தில் எழாத வினாக்கள் பலவற்றை, இரவில் உழைக்கும் மனிதர்கள் ஏற்கெனவே கேட்டுவைத்திருக்கின்றனர். அவர்களிடம் சென்று அவற்றைக் கேட்டறிவதும் ஆய்வின் ஒரு பகுதியே.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பகுதியில் இரவில் உழைப்போர் ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் விளக்கின் நிறைகுறைகளை உரையாடலாக எழுதுக.

2. ‘எச்சரிக்கை செய்யும் கருவிகள்’ என்னும் தலைப்பில், உங்கள் வீட்டிலும் பள்ளியிலும் உள்ளவற்றைத் தொகுத்து வகுப்பறையில் பேசுக.

3. அரிக்கேன் விளக்கு முதல் இன்றைய நெற்றிவிளக்கு வரையுள்ள மாற்றங்களை முதியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் கட்டுரையாக்குக.